கூரை கொடுத்தவர்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதும்போது ஆடுகிறது, கவனித்திருப்பீர்கள். காயாத மரத்தை அவசரப்பட்டு அறுத்திருக்கிறார்கள். காய்ந்த பிறகு அது தன் இஷ்டத்துக்குச் சுருங்கிவிட்டது. ஒரு அட்டையை மடித்து அடியில் வைத்தால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். நான் மர ஆலைக்காரன், இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தேநீர் நன்றாக இருந்தது, நன்றி. நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டால் நீங்கள் ரொட்டிக்காரரில் இருந்துதான் ஆரம்பிப்பீர்கள். எல்லோரும் அவரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

என் அப்பா எனக்கு விட்டுப் போனது ஒரு பழைய ரம்பமும் ஒரு தகரக் கொட்டகையும். இன்றைக்கு ஆலையில் மூன்று பெரிய இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆண்டவர் ஆசீர்வதித்தார், நானும் சும்மா இருக்கவில்லை. பணக்காரன் பரலோகத்துக்குப் போவது எப்படி என்று ஊசிக் காதையும் ஒட்டகத்தையும் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டகம் நுழையாது என்று இருக்கிறதே தவிர, ஊசியைப் பெரிதாகச் செய்யக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்பேன். வகுப்பில் இதற்கு எப்போதும் யாராவது சிரிப்பார்கள்.

வகுப்பு என்றேனே, அது எங்கள் சபையில் சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் வேதபாட வகுப்பு. தலைமை, செல்வம், காணிக்கை, இவைதான் பாடம். வெகு காலமாக நான்தான் சபையின் தலைமை மூப்பர். போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள்; மூப்பர் இருந்த இடத்திலேயே இருந்து பொறுப்பைச் சுமக்கிறவர். முதுகுக்குப் பின்னால் என்னை 'ரம்பம்' என்று கூப்பிடுவார்கள். தொழிலைச் சொல்கிறார்களா, வகுப்பைச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை.

தலைவன் என்பவன் திருத்துகிறவன். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தேவாலயத்தில் கடை போட்டவர்களை ஆண்டவர் கெஞ்சியா வெளியே அனுப்பினார்? கயிற்றில் சவுக்கு திரித்தார். திரிக்க நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அவர் நிதானமாகத்தான் இருந்திருப்பார், அதுதான் எனக்கு அதில் பிடித்த இடம். கோபத்தில் அடிப்பவன் மிருகம். நான் கோபத்தில் யாரையும் அடித்ததில்லை.

ஆலையில் ஒருவன் இருந்தான், நடு இயந்திரத்தை ஓட்டுபவன். எண்ணெய் போட்டுவிட்டேன் என்றான், போடவில்லை. சின்னப் பொய்தான். ஆனால் சின்னதில் உண்மையில்லாதவன் பெரியதிலும் அப்படித்தான் இருப்பான். அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தின் பக்கம் கொண்டுபோய், மறுபடி சொல்லு என்றேன். பயத்தில் அவன் திமிறினான். திமிறியிருக்கவே வேண்டாம். சுண்டு விரலும் பக்கத்து விரலும் போயின. மரத்தூளில் விழுந்ததைத் தேடி எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது. வைத்தியச் செலவு முழுவதும் என்னுடையது. வீட்டுக்கு அரிசி மூட்டையும் அனுப்பினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை, அவனும் விடவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது அல்லவா. அவனுக்குப் போனது இடது கை.

சரி, கூரைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு புயல் எங்கள் ஆலயத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தகரங்கள் இரண்டு தெரு தள்ளிக் கிடந்தன. பழைய உத்திரங்கள் உள்ளே உளுத்துப்போயிருந்ததை நான் முன்பே சொல்லியிருந்தேன், யார் கேட்டார்கள். தார்ப்பாய் கட்டி ஆராதனை நடத்தினோம். பிரசங்க மேடையில் தண்ணீர் சொட்டியது, போதகர் ஒரு கையில் வேதத்தையும் மறு கையில் குடையையும் பிடித்துக்கொண்டு பேசினார். ஆண்டவர் ஒரு மனிதரை எழுப்புவார் என்று ஜெபித்தார். நான் அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

ஒரு வார நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏணியும் அளவு நாடாவும் எடுத்துப்போய் நானே அளந்தேன். என் ஆலை மரம் கூடாது; ஒவ்வொரு கட்டையின் முனையிலும் என் முத்திரை இருக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். தூரத்து ஊரில் ஒரு வியாபாரியிடம் உத்திரம், குறுக்குச் சட்டம், புதுத் தகரம், ஆணி, திருகு முதற்கொண்டு எல்லாம் சொன்னேன். தச்சர்களின் கூலியையும் அவர் மூலமாகவே முன்கூட்டிக் கட்டினேன். என் பெயர் வெளியே வந்தால் இனி உங்களிடம் வியாபாரம் இல்லை என்றேன். என் மனைவிக்குக் கூடச் சொல்லவில்லை.

மரம் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை வகுப்பில் காணிக்கையைப் பற்றிப் பேசினேன். மறைவில் கொடுக்கிறவனுக்குத்தான் பரலோகத்தில் பலன். மனிதர் கைதட்டிவிட்டால் அங்கேயே கணக்கு முடிந்தது. அப்படிக் கொடுத்தவனை யாராவது காட்டிக்கொடுத்தால், அவன் பலனைத் திருடுகிறான் என்றேன். அப்போது பாடகர் குழுவில் இருக்கும் தையற்காரி கையைத் தூக்கினாள்.

"அப்போ உண்மையிலே குடுத்தவர் யாருன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

"கேட்டுப் பாரு. நான் இல்லைம்பார். அப்படிச் சொல்றவர்தான் குடுத்தவர்" என்றேன்.

அதைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டேன். ரொட்டிக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கும் குறிப்பு எடுப்பார். சபைக்குத் திருவிருந்து அப்பம் சுட்டுத் தருபவர் அவர்தான். நல்ல மனிதர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுவதும் சவரம் செய்யும்போது கண்ணாடி முன் நின்று, நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொன்னால் பொய் போல இருந்தது. தலையைக் குனிந்து, மெதுவாக, கொஞ்சம் நேரம் விட்டுச் சொன்னால் பொருத்தமாக இருந்தது. என்னிடம்தான் கேட்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மரத்தைப் பற்றி வேறு யாரைக் கேட்பார்கள்?

யாரும் கேட்கவில்லை.

லாரி ஓட்டுநர் ஊருக்குப் புதியவர். ரொட்டிக் கடையில் நிறுத்தி வழி கேட்டிருக்கிறார். ரொட்டிக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு லாரியில் ஏறி வழி காட்டியிருக்கிறார். அதோடு நிற்காமல் மத்தியானம் முழுக்கச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மரம் இறக்கியிருக்கிறார், வந்தவர்களுக்குக் கூடையில் ரொட்டி வேறு. ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை வந்து பார்த்தால், மலை போல மரம், நடுவில் வியர்வை வடிய ரொட்டிக்காரர். இதெல்லாம் நீங்களா என்று கேட்டிருக்கிறான். ஐயையோ, நான் இல்லப்பா, எனக்கு ஏது இவ்வளவு வசதி என்று அவர் சொல்லியிருக்கிறார். கோயில்பிள்ளை போதகர் வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, கேட்டேன்யா. நான் இல்லைன்னுட்டார்" என்று சொல்லி அழுதானாம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரொட்டிக்காரர் அப்போதுதான், செத்துப்போன தன் மனைவியின் மனையை விற்றிருந்தார். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று ஊருக்கு ஏற்கெனவே வயிற்று உப்புசம். இப்போது எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். "சத்தியமா நான் இல்லைங்க. இப்படிச் சொல்லாதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்று அவர் கைகூப்பினார். தலை குனிந்திருந்தது. மெதுவாகத்தான் சொன்னார், கொஞ்சம் நேரம் விட்டுச் சொன்னார். ஒத்திகையே பார்க்காமல் அவருக்கு அது வந்துவிட்டது. சபை முழுவதும் அழுதது. என் பின்னால் ஒரு பெண், மரக்கடை வெச்சிருக்கிறவர் குடுக்கல, ரொட்டி விக்கிறவர் குடுக்கிறார் பாரு என்றாள். நானும் கைதட்டினேன். உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். பொறாமை என்று எழுதாதீர்கள். பொய் ஒன்று சபைக்குள் நுழைகிறதே என்ற வேதனைதான் எனக்கு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி அதையே பேசினாள். சாதத்தைப் போட்டுக்கொண்டே, "என்னங்க, அந்த மனுசனுக்கு எவ்வளவு பெரிய மனசு. நமக்கெல்லாம் அது வரவே வராதுங்க" என்றாள். நமக்கு என்றுதான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் கரண்டி எடுக்கச் சமையலறைக் கதவைப் பிடித்தபோது கதவு அவள் மணிக்கட்டின் மேல் மூடிக்கொண்டது. சரியாகச் சொல்ல வேண்டுமே, நான்தான் மூடினேன். முதல் தடவை அலறினாள், புரிந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் தடவை எலும்பு முறியும் சத்தம் கேட்டது, அதன் பிறகு அமைதியாகிவிட்டாள். நானே துண்டு கட்டி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது என்றாலும், குடும்ப சமாதானத்துக்காக அதை விட்டுவிட்டேன்.

பிறகு நான் காத்திருந்தேன். வேதத்தில் ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். நிலத்தை விற்றுக் கொஞ்சத்தை ஒளித்துக்கொண்டு, முழுவதும் கொடுத்துவிட்டோம் என்பது போல அப்போஸ்தலரின் காலடியில் வைத்தார்கள். அவன் விழுந்து செத்தான். கொஞ்ச நேரத்தில் அவளும் விழுந்தாள். ரொட்டிக்காரரும் மனை விற்றவர். கொடுக்காததைக் கொடுத்த பேரோடு நடமாடுகிறவர். வாயால் இல்லை என்கிறாரே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அந்த 'இல்லை'யில் இருந்துதானே அவருக்குப் பெயர் வந்தது. நிஜமாகவே நேர்மையான மனிதனாக இருந்தால், ஆமாம் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்; அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கூரை வேலை முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் என் மரத்துக்குக் கீழே உட்கார்ந்து பாடினார். ஆண்டவர் ஒன்றும் செய்யவில்லை. ஆண்டவர் சில சமயம் மனிதரின் கைக்காகக் காத்திருப்பார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. செங்கடலைக் கூட ஒரு கோல் நீண்ட பிறகுதான் அவர் பிளந்தார்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்கள் கோப்பில் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டிக்காரர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் மேலே ஒரு குறுக்குச் சட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏணி வைத்து ஏறி, அதைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தினேன். முழுவதும் கழற்றவில்லை. முடிவை ஆண்டவர் கையில் விட்டேன், அவ்வளவுதான். ரொட்டிக்காரர் நிரபராதி என்றால் அது தாங்கும்.

சனிக்கிழமை காலையில் வகுப்புக்காகக் கோயில்பிள்ளை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டம் அவன் மேல் விழுந்தது. நல்ல கனமான கட்டை, நானே தேர்ந்தெடுத்தது. தோளில் இறங்கி, விலா எலும்புகளை உள்ளே தள்ளிவிட்டது. நான் போனபோது அவன் வாயில் ரத்தம் நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ரொட்டிக்காரர் வந்துவிட்டார், அப்பம் கொண்டுவந்திருந்தாராம். அந்தக் கட்டையைத் தனி ஆளாகத் தூக்கி எறிந்தார். அவனை மடியில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அவரைப் பார்த்துக்கொண்டே செத்தான். அவர் வெள்ளைச் சட்டை இடுப்பு வரை சிவப்பாகிவிட்டது. வாசலில் கூடிய கூட்டம் அதையும் பார்த்தது.

கோயில்பிள்ளைக்காக நான் வருந்தினேன். உண்மையாகவே. ஆலையில் இருந்ததிலேயே நல்ல தேக்குப் பலகையை எடுத்து, முத்திரை இருந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டு, சவப்பெட்டி செய்ய வைத்தேன். யாருக்கும் தெரியாமல் வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்பினேன். அடக்கத்தின்போது பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் அதிசயித்தார்கள். யார் கொடுத்தது என்று கேள்வி வந்தது. கூட்டம் திரும்பி ரொட்டிக்காரரைப் பார்த்தது.

"சாமி சத்தியமா நான் இல்லைங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மூப்பர் தேர்தல். என் பெயரை முன்மொழிய ஒருவர் எழுந்தார், ஆலையில் என்னிடம் கடன் வைத்திருப்பவர். மற்ற கைகள் எல்லாம் ரொட்டிக்காரருக்குத் தூக்கப்பட்டன. எனக்குத் தகுதியில்லை, வேண்டாம் என்று அவர் மன்றாடினார். மன்றாட மன்றாடக் கைகள் கூடின. என் மனைவி இடது கையைத் தூக்கியிருந்தாள். வலது கையில் இன்னும் மாவுக்கட்டு இருந்தது. போதகர் என் தோளைத் தட்டி, "நீங்க ஓய்வெடுத்துக்கலாம் ஐயா, ரொம்ப காலம் உழைச்சிட்டீங்க" என்றார். எனக்கு நெஞ்சு வலித்தது. அன்றைக்குத்தான் நான் பல காலத்துக்குப் பிறகு அழுதேன், ஆலையில், இயந்திரத்தை ஓடவிட்டு.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். மத்தியானத்தில் அவர் அரைக் கதவை இறக்கிவிட்டு மறுநாளைக்கு மாவு பிசைவார். கூட யாரும் இருக்க மாட்டார்கள். கையில் நான் எதுவும் கொண்டுபோகவில்லை. கொல்லும் எண்ணத்தோடு போகவில்லை என்பதற்கு அது சாட்சி. அவர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மாவு படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்கண்ணே. நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். இந்தப் பதவிய எப்படியாவது நீங்களே வாங்கிக்கோங்க. நான் வேணாம்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"மனை வித்த பணம் எங்க?" என்றேன்.

"அது அவ வைத்தியக் கடனுக்கே போயிடுச்சுண்ணே. மிச்சம் எங்க இருக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூரை குடுத்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும்ணே" என்றார்.

நான் பக்கத்தில் இருந்த மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"திருவிருந்துக்கு அப்பம் வெக்க வந்தேன் அன்னிக்கு. ஜன்னல் வழியா பாத்தா, நீங்க ஏணி மேல நின்னு அளந்துக்கிட்டு இருந்தீங்க. லாரி வந்தப்பவே புரிஞ்சுபோச்சு. பெட்டியும் நீங்கதானே? வேற யார்கிட்ட அப்படி ஒரு பலகை இருக்கு?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதானே சொன்னீங்க வகுப்புல? குடுத்தவரக் காட்டிக்குடுக்கிறது அவர் பலனத் திருடுறதுன்னு. நான் எழுதி வெச்சிருக்கேன். அதுக்காகத்தாண்ணே வாயத் தெறக்காம இருந்தேன். ராத்திரி தூக்கமே இல்ல, அடுத்தவர் பேரச் சுமந்துக்கிட்டு அலையறது லேசா? போதும்ணே. உங்களுக்குச் சம்மதம்னா இந்த ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நான் சொல்லிடறேன். கூரை குடுத்தவர் இவர்தான்னு உங்க கையப் பிடிச்சுச் சொல்றேன்."

உலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று கூட எழுந்தேன். அப்போதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் அப்படியே ஓடியது. இவர் எழுந்து நிற்பார். நான் இல்லை, மரக்கடை அண்ணன்தான் என்பார். பிறகு தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாருங்க இவர் மனச, தான் செஞ்ச தர்மத்தைக் கூட அந்த ரம்பத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டார் என்பாள். எல்லோரும் விம்மி அழுவார்கள். என்னைப் பார்த்து, வாங்கிக்கொள்கிறானே வெட்கமில்லாமல் என்று நினைப்பார்கள்.

இவர் பேசிக்கொண்டிருக்கும் வரை என்னை யாரும் நம்பப் போவதில்லை. இவர் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போகும். அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அடுப்புக்குள் தட்டுகளைத் தள்ள அவரிடம் ஒரு நீண்ட கட்டைத் துடுப்பு உண்டு. சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒரே மரத்தில் செதுக்கியது, கைபட்டுக் கைபட்டு மெருகேறியது. எடுத்துப் பார்த்தேன். "நல்ல கட்டைண்ணே, உங்க ஆலையில வாங்கினதுதான்" என்றார் அவர் சந்தோஷமாக. அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பும் வரை பொறுத்திருந்து, விளிம்பால் காதுக்கு மேலே அடித்தேன்.

அவர் விழவில்லை. மாவுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிசைந்த மாவில் ரத்தம் சொட்டியது. அண்ணே என்றார், கேள்வி கேட்பது போல. நான் மறுபடி அடித்தேன், முழங்கால் மடங்கியது. கையைத் தலைக்கு மேலே தூக்கினார், அந்தக் கை முறிந்தது. பிறகு தரையில் கிடந்தவரை அடித்தேன். மண்டை முதலில் கெட்டியாக இருந்தது, பிறகு இல்லை. கண் ஒன்று திறந்தே இருந்ததால், அது என்னைப் பார்க்காதபடி ஒரு கைப்பிடி மாவை அள்ளி மூடினேன். சில நிமிடங்கள் கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக ஜெபித்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை, கை நடுங்கவில்லை. முன்பே சொன்னேனே, கோபத்தில் நான் யாரையும் அடித்ததில்லை.

துடுப்பை அடுப்புக்குள் போட்டேன். அவர் குறிப்பு எழுதும் காகிதங்களையும் போட்டேன். குழாயில் கை கழுவி, அவருடைய மேல்சட்டை ஒன்றை என் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டேன். பசித்தது. தட்டில் இருந்து ஒரு ரொட்டியை எடுத்தேன், அதற்கு உரிய காசைப் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன். திருட்டு எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் வழிப்பறி ஆட்களைத் தேடினீர்கள். என் ஆலைக்கே வந்து சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ரொட்டிக்காரரின் அடக்கத்தில் நானே முன்னால் நின்று பெட்டியைச் சுமந்தேன், அந்தப் பெட்டியும் என் பலகைதான். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் நேற்று ஆலயத்து வாசலில் ஒரு கல் வந்து இறங்கியது. மெருகு போட்ட கறுப்புக் கல். சபையார் சேர்ந்து செய்வித்திருக்கிறார்கள். இந்தக் கூரையைக் கொடுத்து, கொடுத்ததை மறைத்து, ஏழையாக மரித்தவர் என்று போட்டு, கீழே அவர் பெயர். வருகிற ஞாயிறு சுவரில் பதிக்கிறார்கள். என் மனைவி அந்த எழுத்துகளை இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லில் ஒரு பொய்யை வெட்டி ஆண்டவருடைய வீட்டுச் சுவரில் பதிப்பதை ஒரு மூப்பர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இன்று காலையில் நானே நடந்து வந்தேன். ரொட்டிக்காரரைக் கொன்றது நான். கோயில்பிள்ளை சாகக் காரணமும் நான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை, கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் எனக்கு வருத்தமில்லை. பேருக்கும் புகழுக்கும் நான் என்றைக்கும் ஆசைப்பட்டதில்லை என்பது இதிலிருந்தே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஒரே ஒரு உதவி. விசாரணைக்கு நீங்கள் எப்படியும் சபைக்குப் போவீர்கள். ஞாயிறு காலையில், எல்லோரும் இருக்கும்போது போங்கள். கொலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கூரை கொடுத்தது யார் என்று மட்டும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால், ஆலைக்காரரிடம் கேட்டோம், தலையைக் குனிந்துகொண்டு நான் இல்லை என்றார் என்று சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.